மாடிப்படிக்குக் கீழே ஒரு வெட்டிப் பெட்டி

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு வீட்டு ஒயரிங்கும் தெரியும் என்று நம்புகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று அவனைப் பெற்றவர்கள், இன்னொன்று அவனேதான். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. நாவலூரில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை. (எங்கள் ஊர் செங்கல்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அதைக் கழற்ற மாட்டேன்.)

அக்காவுக்கு செய்யூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை அமெரிக்காவில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. அனுப்பிய போட்டோவில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"டேய், கண்ணைப் பாக்காம நான் சரின்னு சொல்லமாட்டேன்" என்றாள் அக்கா.

ஆகவே ஏற்பாடு இப்படி ஆனது: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பா அம்மா எங்கள் வீட்டு ஹாலில் பஜ்ஜி சாப்பிடுவார்கள், அதே நேரம் அக்கா மாடி அறையில் கம்ப்யூட்டர் வழியாக மாப்பிள்ளையோடு தனியாகப் பேசுவாள். சிக்கல் என்னவென்றால், இன்டர்நெட் மோடம் கீழே ஹாலில் போனுக்குப் பக்கத்தில் இருந்தது. வைஃபை எங்கள் மாடிப்படியில் ஏறுவதற்குள் களைத்துப்போய்விடும். புது ஒயர் இழுக்கலாமென்றால், பெண் பார்க்க வருகிறார்களென்று அப்பா அப்போதுதான் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்.

"சுவத்துல ஒரு ஓட்ட போட்ட, உன் மண்டையில போடுவேன்" என்றார்.

அப்போதுதான் என் மூளையில் அந்த விளக்கு எரிந்தது. டிவி கேபிள்! அது ஏற்கெனவே கீழிருந்து மாடிக்குப் போகிறதே! அதே ஒயரில் இன்டர்நெட்டையும் அனுப்பலாம், அதற்கென்றே சின்னச் சின்னப் பெட்டிகள் உண்டு. வெளிநாடு போய் வந்த ஆபீஸ் நண்பனிடம் ஒரு ஜோடி இருந்தது. ஒன்றைக் கீழே மோடத்தில் மாட்டினேன், இன்னொன்றை மாடியில் கம்ப்யூட்டரில் மாட்டினேன். எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை எரியவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மதுராந்தகம் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. எங்கள் வீட்டுக் கரண்ட்டைக் குடித்துக்கொண்டு சும்மா சூடாக உட்கார்ந்திருந்தது. மாடி ஒயர், ஹால் ஒயர் இரண்டும் அதில்தான் வந்து முடிந்தன. நடுவில் உட்கார்ந்து வழிமறிக்கும் வெட்டிப் பெட்டி! பிளக்கைப் பிடுங்கினேன். அந்த இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒரு ஜாயின்ட் போட்டு நேராக இணைத்தேன். பெட்டியில் இன்னும் ஐந்தாறு ஒயர்கள் இருந்தன. அவை எங்கே போகின்றன என்று நான் யோசிக்கவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது! மாடிக்கு மூன்று மூன்று படியாகத் தாவி ஓடினேன். திரையில் மாப்பிள்ளை, கண்ணாடி இல்லாமல், பளிச்சென்று! அக்காவை உள்ளே தள்ளிவிட்டு, நிலவில் கால் வைத்தவன் மாதிரி கீழே இறங்கினேன். ஹாலில் மாப்பிள்ளையின் அப்பா அம்மா வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பஜ்ஜி இரண்டாவது ரவுண்டு வரும்போது கேபிள்காரர் தாஸ் அண்ணன் உள்ளே வந்தார். அவர் பின்னால் எங்கள் தெரு வந்தது.

"சார், பாக்ஸ் இன்னா ஆச்சு? மொத்தத் தெருவும் புட்டுகிச்சு!"

அப்பா என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. நான் ஹாஸ்டலில் இருந்த காலத்தில், தெருவுக்கே சிக்னல் கொடுக்கும் அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள அப்பா இடமும் கரண்ட்டும் கொடுத்திருக்கிறார். அதற்குப் பதிலாக எங்களுக்குக் கேபிள் இலவசம்.

"இன்னாடா தம்பி, கடைசி ரெண்டு ஓவர் கீது, இப்பப் போயி கைய வெச்சிக்கினு" என்றார் எதிர்வீட்டு வசந்தி அக்கா. இந்தியா சேஸ் பண்ணிக்கொண்டிருந்தது.

தாஸ் அண்ணன் படிக்குக் கீழே குனிந்து ஜாயின்டில் கை வைத்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். "அண்ணே, புடுங்காதீங்க! அக்கா கல்யாணமே நின்னுடும்!"

"நீ புடுங்கிக்கினு என்னப் புடுங்காதன்றியா?"

நியாயமான கேள்வி. மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது மாடியிலிருந்து அக்காவின் குரல் இறங்கியது. "ஒம்போது பந்து, பதினாலு ரன்னாம்!"

தெரு அப்படியே நின்றது. "யாரு சொன்னது?" என்றார் வசந்தி அக்கா.

"அவர்தான்! உங்க கூச்சலக் கேட்டு அங்க கம்ப்யூட்டர்ல ஸ்கோர் பாக்கறாராம்!"

தாஸ் அண்ணன் கையை எடுத்தார். ஒருவர் படியில் உட்கார்ந்தார், பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை சொல்ல, மாடியிலிருந்து அக்கா கத்த, வாசலில் நின்றவர்களுக்கு வசந்தி அக்கா ஒலிபரப்பினார். "நாலு!" "ஒண்ணு!" "அய்யோ, அவுட்டு!"

"பொண்ணப் பாடச் சொல்லவே வேணாம், கொரலு நல்லா கீது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நீ கம்முனு இரு. எத்தினி பந்து கீதும்மா?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார் மாப்பிள்ளையின் அப்பா.

"சிக்ஸர்! ஜெயிச்சாச்சு!"

தாஸ் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். குதித்த வேகத்தில் என் கால் ஒயரில் மாட்டி ஜாயின்ட் பிய்ந்துகொண்டது. மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோனார்.

அக்கா பட்டுப்புடவை சரசரக்க இறங்கி வந்தாள். தெரு முழுவதும் அவள் முகத்தையே பார்த்தது.

"என்னம்மா, கண்ணப் பாத்தியா?" என்றார் அப்பா மெதுவாக.

"நான் பாத்தேம்பா. அவரு ஒரு தடவகூட என்னப் பாக்கல. ஸ்கோரத்தான் பாத்துக்கினு இருந்தாரு." அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "முன்னப் பின்னத் தெரியாத தெருவுக்காக இவ்ளோ பாடுபடறாரே. சரின்னு சொல்லிடுங்க."

மறுநாளே தாஸ் அண்ணன் அந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். சாவியை எங்களிடம் கொடுக்கவில்லை, வசந்தி அக்காவிடம் கொடுத்தார். கல்யாண மேடையிலும் மாமா (மாப்பிள்ளை இனி எனக்கு மாமாதானே) கூச்சத்தில் ஹோம குண்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்து வசந்தி அக்கா குரல் கொடுத்தார்: "மாப்ள, ஸ்கோர் இன்னா?" மண்டபமே சிரிக்க, மாமா சட்டென்று நிமிர்ந்து, முதன்முறையாக அக்காவின் கண்ணைப் பார்த்தார்.

இப்போதும் அக்கா பேசும்போது மாமா செல்போனில் மூழ்கியிருந்தால் அவள் சண்டை போடுவதில்லை. "ஸ்கோர் என்ன?" என்று மட்டும் கேட்பாள். மனிதர் உடனே நிமிர்ந்து அவளைப் பார்ப்பார்.