ஆக்டோபஸ் அம்மாவும் ஒன்பதாவது வளைவும்

எங்கள் கொங்குநாட்டில் 'வேண்டாம்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது, வாயில்தான் வராது. பிடிக்காத பதார்த்தத்தை இலையில் வைத்தால் 'போதுமுங்க' என்போம். பிடிக்காத சம்பந்தம் வந்தால் 'ரோசன பண்ணிச் சொல்றமுங்க' என்போம். பஸ்ஸில் காலை மிதித்தவரிடம்கூட 'பரவால்லீங்க' என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொள்ளும் ஜனங்கள் நாங்கள். இந்த மரியாதையை அப்படியே நம்பி, நாற்பத்தொரு வயதில் நான் மோசம் போன கதை இது. (உண்மையில் மோசம் போனது என் அம்மா. நான் வண்டி மட்டும்தான் ஓட்டினேன்.)

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் ஆக்டோபஸ்.

ஒரு சனிக்கிழமை மதியம், இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினியைக் கார்ட்டூன் படத்துக்குக் கூட்டிப்போனேன். மனைவிக்கு அன்று அலுவலகம் இருந்ததால் அவள் டிக்கெட்டில் அம்மாவை உட்கார வைத்தோம். ஏசி குளிரும் என்று சால்வையோடு வந்த அம்மா, படத்தின் பெயர் போடும்போதே தூங்கிவிட்டார். நானும் ஓரமாக உட்கார்ந்து போன் பார்க்கலாம் என்றுதான் போயிருந்தேன்.

படத்தில் ஓர் அம்மா ஆக்டோபஸ். ஒரு கையால் குட்டிக்குத் தலை சீவுகிறது (ஆக்டோபஸுக்கு ஏது முடி என்று கேட்கக் கூடாது), இன்னொரு கையால் சோறு ஊட்டுகிறது, மூன்றாவது கையால் சுறாவை அறைகிறது. குட்டிகள் 'நீ சாப்பிடலையாம்மா' என்று கேட்கும்போதெல்லாம் 'எனக்குப் பசிக்கலை' என்கிறது. கடைசியில் குட்டிகளெல்லாம் வளர்ந்து நீந்திப் போகும்போதுதான் நமக்குத் தெரிகிறது, அவ்வளவு நாளும் அது ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் மாம்பழம் நறுக்கினால் கொட்டை யாருக்குப் போகும் என்று அப்போது ஞாபகம் வந்தது. தோசையில் பிய்ந்தது யாருக்கு, கறிக்குழம்பில் எலும்பு யாருக்கு என்று வரிசையாக ஞாபகம் வந்தது. அழுதேன். நாகரிகமாகக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அழுகை இல்லை, பம்புசெட்டில் காற்று வாங்கினால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்தோடு அழுதேன். முன்வரிசைக் குழந்தை ஒன்று திரும்பிப் பார்த்துத் தன் பாப்கார்னை என்னிடம் நீட்டியது.

"அப்பா, அழாதீங்க. அது பொம்மை," என்றாள் யாழினி.

விளக்கு போட்டதும் அம்மா விழித்தார். "முடிஞ்சுதா கண்ணு? படம் நல்லா இருந்துச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, என்னை மன்னிச்சிருங்க. எனக்கு இப்பத்தான் எல்லாம் புரிஞ்சுது."

அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "வேல போயிருச்சா கண்ணு?"

இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. வீடு வந்து சேரும்வரை "பரவால்லீங் கண்ணு, வேற பாத்துக்கலாம்" என்று என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். அம்மாவுக்கென்று ஒரே ஒரு நாள். யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுக்காமல், அவருக்குப் பிடித்ததை மட்டும் செய்யும் நாள். அவருக்கு என்ன பிடிக்கும்? அவரையே கேட்டிருக்கலாம். கேட்டால் ஆச்சரியம் போய்விடும் என்பதால் நானே ஆராய்ந்தேன். ஆராய்ச்சியின் முடிவு: வால்பாறை.

ஆதாரங்கள் பலமாக இருந்தன. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது முதல்முதலாக வால்பாறை போனோம். அதிலிருந்து அநேகமாக ஒவ்வொரு மே மாதமும் போயிருக்கிறோம். அப்பா இருந்தவரை பஸ்ஸில், பிறகு என் காரில். ஒரு தடவையாவது அம்மா வரமாட்டேன் என்று சொன்னதில்லை. எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவார். கையில் எலுமிச்சம்பழம், அதன் வாசனையை அனுபவிப்பார். கண்ணை மூடி மலைக்காற்றை ரசிப்பார். வாய் சன்னமாக ஏதோ பாட்டை முணுமுணுக்கும். மேலே போய் இறங்கியதும் சில நேரம் அவருக்குக் கண்கூடக் கலங்கியிருக்கும். இயற்கையில் இப்படிக் கரைகிற பெண்மணியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "எங்கன்னு கேக்கக் கூடாது, கிளம்புங்கம்மா" என்றேன். அவரை அடுப்படிக்குள் விடாமல் புளிசாதமும் நானே கிண்டினேன். (அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். யாழினி அதை இன்றும் 'கறுப்புச் சாதம்' என்கிறாள்.) மனைவி தூங்கி எழட்டும் என்று விட்டுவிட்டு மூவரும் கிளம்பினோம்.

பொள்ளாச்சி வரை அம்மா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. ஆனைமலைக்கு, மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கிறார். வண்டி ஆழியாறு பக்கம் திரும்பியதும் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, இது வால்பாறை ரோடாட்டம் இருக்குது?"

"ஆமாம்மா. உங்களுக்காகத்தான்."

அம்மா என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஆகட்டுங் கண்ணு," என்றார்.

அந்தப் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பலகையில் எண் எழுதியிருக்கும். முதல் வளைவில் நான் மாங்கொட்டைக்கு மன்னிப்புக் கேட்டுத் தொடங்கினேன். மூன்றாவதில் பிய்ந்த தோசை. ஆறாவதில் கறிக்குழம்பு எலும்பு. பேச்சின் உணர்ச்சிக்கு ஏற்ப ஸ்டியரிங்கையும் திருப்பியிருக்கிறேன் போலிருக்கிறது. அம்மா கண்ணை மூடிவிட்டார். சரி, ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

எட்டாவது வளைவு தாண்டியதும் கண்ணைத் திறந்தார். மலைக்குளிருக்கென்று நான் புதிதாக வாங்கிய கம்பளித் தொப்பி எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அதை மெதுவாக எடுத்தார்.

"இந்தத் தொப்பி உனக்கு வேணுமா கண்ணு?"

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. "என்னுது எல்லாமே உங்களுதுதாம்மா. போட்டுக்கங்க."

அம்மா போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பதாவது வளைவில் வண்டியை ஓரம்கட்டினேன். கீழே அணை தெரியும் இடம். ஜனங்கள் அங்கே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தொப்பியை நீட்டிப் பிடித்துக்கொண்டு குப்பைத்தொட்டி தேடி அந்தக் கூட்டத்துக்குள் நடந்தேன். எல்லாரும் மரியாதையாக வழிவிட்டார்கள். தொட்டி இல்லாததால் அதே மரியாதையோடு திரும்பி வந்தேன்.

அம்மா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வாய் கொப்பளித்தார். "நல்லாக் காத்து வருதில்ல கண்ணு," என்றார். அந்த நிலைமையிலும்.

யாழினி நேராகக் கேட்டாள். "அப்பத்தா, உங்களுக்கு வால்பாறை பிடிக்குமா?"

அம்மா வழக்கமான பதிலைத் தேடிப் பார்த்தார். வயிற்றில் இருந்ததெல்லாம் போனபோது அதுவும் போய்விட்டது போலிருக்கிறது. "எனக்கு இந்த மலையக் கண்டாலே ஆகாது அம்மணி."

"அந்த எலுமிச்சம்பழம்?" என்றேன்.

"கொமட்டாம இருக்கோணுமே."

"கண்ண மூடி ரசிச்சீங்களே?"

"தொறந்தா தல சுத்தும் கண்ணு."

"பாட்டு முணுமுணுப்பீங்களே?"

"அது பாட்டில்ல. சீக்கிரம் ஏறி முடியோணும்னு மாசாணியம்மனுக்கு வேண்டிக்குவேன்."

"அப்புறம் ஏன் வருசா வருசம் வந்தீங்க?" என்றாள் யாழினி.

அதற்கு மட்டும் அம்மா யோசிக்கவே இல்லை. "உங்கப்பனுக்குப் புடிக்குமே."

ஏற நாற்பது, இறங்க நாற்பது. இருபத்தைந்து தடவையாவது போயிருப்போம். இரண்டாயிரம் வளைவு. ஆக்டோபஸ் சில மாதம் பட்டினி கிடந்ததற்குத் தியேட்டர் அதிர அழுதவன் நான். பக்கத்து சீட்டில் ஒருத்தர் இரண்டாயிரம் வளைவு எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு அந்தச் சுவரோரம் உட்கார்ந்தபோது எனக்கு உண்மையாகவே வலித்தது. இந்த முறை சத்தம் வரவில்லை.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "செரி எந்திரி கண்ணு. இன்னும் முப்பத்தொண்ணுதான. வந்தது வந்தாச்சு, புள்ள வரையாடு பாக்கட்டும்."

"எனக்கு வரையாடு வேண்டாம்," என்றாள் யாழினி.

எங்கள் பரம்பரையிலேயே அந்தச் சொல்லை முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அதைச் சொன்னபிறகும் மலை அப்படியே நின்றது.

மெதுவாக, மாட்டுவண்டி வேகத்தில் இறங்கினோம். கீழே வந்து இளநீர் குடித்துத் தெளிந்தபின், வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டேன். "உங்களுக்கு என்னதாம்மா புடிக்கும்?"

பொள்ளாச்சி தாண்டி, கிணத்துக்கடவும் தாண்டியபிறகுதான் பதில் வந்தது. "ஆர்.எஸ்.புரத்துல தள்ளுவண்டியில காளான் போடுவாங்கல்ல. அது ஒரு பிளேட்டு, நான் மட்டும் திங்கோணும். ஆரும் 'எனக்கு ஒரு வாய்'னு கேக்கப்படாது."

அன்று சாயங்காலம் பட்டுச்சேலையும் வாடிய பூவுமாக அம்மா தள்ளுவண்டி ஓரம் நின்று ஒரு முழுப் பிளேட் காளான் சாப்பிட்டார். நானும் யாழினியும் நாலு கடை தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். காளான் வாசனைக்கு எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. தின்று முடித்து வந்தவர், "காரம் கொஞ்சம் கம்மி," என்றார். அம்மா ஒரு குறை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். யாராவது 'பரவால்லீங்க', 'நல்லா இருக்குதுங்க' என்றால் யாழினி விடமாட்டாள். "எத்தனாவது வளைவு?" என்று கேட்பாள். ஒன்றென்றால் சுகம், நாற்பதென்றால் தாங்காது. நிஜ எண்ணைச் சொல்லியே ஆகவேண்டும். என் புளிசாதத்துக்கு மனைவி முப்பத்தெட்டு கொடுத்தாள்.

நேற்று இந்தக் கட்டுரையை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லா இருக்குது கண்ணு," என்றார்.

"எத்தனாவது வளைவு அப்பத்தா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அம்மா கண்ணைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அந்தத் தொப்பி எங்க கண்ணு?"