சார்ஜரும் மாப்பிள்ளையின் கைராசியும்

சார்ஜர் மறுபடியும் கீச்சென்று கத்திவிட்டு நின்றது.

"என்னங்க, செத்துப்போச்சா?" அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்.

"சாகல. யோசிக்குது," என்றார் மாப்பிள்ளை. கல்யாணமான நாளிலிருந்து தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைத் தவிர எல்லாம் இருந்தது. மாமனாரின் ஹைப்ரிட் காருடைய பெரிய பேட்டரி பிரிந்து, தட்டையான கறுப்பு செல்களாக வரிசைகட்டி நின்றது. ஒவ்வொன்றிலும் இருக்கும் மின்சாரத்தை நன்றாக வடித்து, மறுபடி முழுக்க ஏற்றினால் கிழட்டு பேட்டரிக்கு இளமை திரும்புமாம். மற்றதெல்லாம் தேறிவிட்டது. கடைசி ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. அது படுத்தால் வண்டியே படுத்துவிடும். சாயங்காலம் மாமனார் வண்டி எடுக்க வருகிறார்.

"பேசாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. நீங்க ரிப்பேர் பண்ணின வாஷிங் மெஷின் இன்னிக்கும் வாசல் வரைக்கும் நடந்து போயிட்டு வருது."

"உங்கப்பா என்ன சொன்னார்? 'இதுக்கு நீங்கதான் சரி மாப்ளே, வேற யாரையும் நம்பமாட்டேன்'னார். என்னை நம்பின முதல் மனுஷன். அவர் முகத்துல கரியைப் பூசச் சொல்றியா?"

அப்பா அப்படிச் சொன்னது அவளுக்கே அதிசயம்தான்.

நேரம் கடந்தால் சார்ஜரைத் தானாக நிறுத்தும் காவல் ஒன்று உள்ளே இருந்தது. மாப்பிள்ளை அதை அணைத்தார். அதன்பிறகு சார்ஜர் நிற்கவே இல்லை. செல் இஸ்திரிப்பெட்டியாகச் சுட்டது. மின்விசிறியைத் திருப்பி வைத்தார். சூடு தணிவதற்குள் செல்லின் வயிறு உப்பியது. இரண்டு அலமாரிப் பலகைகளுக்கு நடுவே அதை வைத்து, தன் பெல்ட்டைக் கழற்றி இறுக்கினார். போதவில்லை. மேலே ஏறி உட்கார்ந்தார்.

"அங்க என்ன ஸ்ஸ்ஸுனு சத்தம்?"

"நான்தான் மூச்சு விடறேன்."

"மூச்சு அங்கேர்ந்தா வருது?"

அந்த நேரம் பார்த்து ஃபியூஸ் போயிற்று. மாற்றிப் போட்டதும் சார்ஜர் விழித்தது. ஆனால் சொல்லி வைத்ததையெல்லாம் மறந்திருந்தது. மறுபடி செல்மேல் உட்கார்ந்து, ஒரு கையால் நழுவும் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொத்தான்களை அழுத்தினார் மாப்பிள்ளை. ஆறு வோல்ட்டில் வடிப்பதை நிறுத்தச் சொல்லவேண்டிய இடத்தில், பூஜ்யம் புள்ளி ஆறு என்று விழுந்தது. சார்ஜர் சொன்ன பேச்சைத் தட்டாமல் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, பேட்டரியே இல்லை என்று திரையில் சாதித்தது.

"இல்லையா? அப்ப நான் எது மேல உட்கார்ந்திருக்கேன்?"

நல்ல செல் ஒன்றிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்து, செத்த செல்லின் முனைகளில் வைத்தார். பொறி பறந்தது. பாதிப் புருவம் போயிற்று. சார்ஜர் மெல்லக் கண் திறந்து, செல்லை மறுபடி ஏற்றத் தொடங்கியது.

சாயங்காலம், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு அவர் பேட்டரியைக் காருக்குள் பொருத்தி, கடைசித் திருகை முடுக்கியபோது, மாமனாரும் மாமியாரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

"ரொம்ப மெனக்கெடாதீங்க மாப்ளே. முடியலன்னா விட்டுடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்," என்றார் மாமனார். என்ன பெருந்தன்மை! மாப்பிள்ளை கையுறையோடு கும்பிட்டார்.

காரில் ஏறி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை.

"போச்சா?" மாமனாரின் குரல் நடுங்கியது.

மினுக்கென்று பச்சை விளக்கு எரிந்தது. இந்த ஜாதி வண்டி சத்தம் போடாமல்தான் கிளம்பும். கார் பூனைபோல வாசலைத் தாண்டி, தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தது. மனைவி கைதட்டினாள்.

மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர்.

"ஆனந்தக் கண்ணீரா மாமா? அழாதீங்க."

அதுவரை வாய் திறக்காத மாமியார் சொன்னார்: "அழாம என்ன செய்வார் மாப்பிள்ளை? பழசு ஓடறவரைக்கும் புதுசு கிடையாதுன்னுட்டேன். மெக்கானிக் கிட்ட விட்டா சரியாயிடுமேன்னு பயந்து உங்ககிட்ட விட்டுட்டு, நேத்தே புது வண்டி புக் பண்ணிட்டாராம்!"