பாதியாகாத சூடு

மலேசியாவின் யோங் பெங் வட்டாரத்தில், கைக்குக் கிடைத்த எதையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்காமல் உண்ணவோ பருகவோ இயலாத மனிதர் ஒருவரே. இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற அவரைப் ‘பாதி மாஸ்டர்’ என்றே ஊர் அழைத்தது.

எழுதுகோல் இருக்கவேண்டிய சட்டைப்பையில் வெப்பமானி இருக்கும். தேநீர்க் கடையில் பாதியை வேறு குவளையில் ஊற்றி, இரண்டிலும் அதை மாற்றி மாற்றி நுழைப்பார்.

“அளவு பாதியாச்சு, எடை பாதியாச்சு. சூடு பாதியாச்சா? இனிப்பு பாதியாச்சா?”

“அலமாக்! எனக்குக் கழுவுற கிளாஸ்தான் ரெண்டாச்சு, மாஸ்டர்!” என்பார் கடைக்காரர்.

பொருளின் பண்புகளுள் அளவோடு கூடிக் குறைவன சில. அளவு எதுவாயினும் மாறாதன சில. இவ்வுண்மையை மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கஞ்சியைக் கொண்டே நிறுவினார். நோயாளி அன்றே வீடு திரும்ப விரும்பினார்.

சென்ற ஆடியில் அவர் கால்கள் ஓரிடத்தில் தரிக்கவில்லை. பந்தலைக் கிழக்கே போடுவதா மேற்கே போடுவதா என்று மூண்ட சண்டையில் கோயில் குழு இரண்டாக உடையவிருந்தது. ஓர் அணிக்கு மாஸ்டரின் மூத்த மகன் சேகரன் தலைவர். மற்றதற்கு இளையவன் முகிலன். இருவரும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை.

“பிரிஞ்சுட்டா சண்டை ஆறிடும்பா,” என்றான் முகிலன்.

கோயிலில் ஆடிக்கூழுக்கு வரிசை நின்றது. மாஸ்டர் பெரிய அண்டாவிலிருந்து சிறு பானை ஒன்றில் கூழை ஊற்றி, இரண்டிலும் வெப்பமானியை இட்டார். ஒரே சூடு.

“பாருங்கடா! கூழு பிரிஞ்சிடுச்சு, சூடு பிரியல. உங்க சண்டையும் இப்படித்தான்!”

விளக்கம் நீண்டது, வரிசையும் நீண்டது. கூழ் ஊற்றும் சரசு அக்கா சிறுபானையைத் தொட்டுப் பார்த்தார்.

“மாஸ்டர், சின்னது ஆறிப்போச்சு. அண்டாதான் இன்னும் கொதிக்குது.”

“நான் சொன்னேன்லப்பா! தனியாப் போனா சீக்கிரம் ஆறிடும்!” முகிலன் கைதட்டினான்.

மாஸ்டர் வெப்பமானியை மீண்டும் சிறுபானையில் இட்டுப் பார்த்தார். அவரது அறிவியலே அவரைக் கைவிட்டது.

சேகரன் அண்டாவை வெறித்தபடி சொன்னார்: “உனக்கு ஆறிடும்டா. எனக்கு ஆறாது.”

முகிலனின் கைகள் அப்படியே நின்றன. பின்னர் அவன் சிறுபானையைத் தூக்கி அண்டாவிலேயே கவிழ்த்தான்.

“ஆகா! இப்ப வெப்பநிலை நடுவுல ஓரிடத்துல வந்து நிக்கும்! எங்கன்னு பாக்கணும்—” மாஸ்டர் வெப்பமானியோடு பாய்ந்தார்.

“அப்பா, போதும்பா!” என்றனர் இருவரும் ஒரே குரலில். அவ்வாண்டில் அவர்கள் உடன்பட்ட முதற்கருத்து அதுவே.

கூட்டம் சிரித்துக்கொண்டே கூழை நோக்கி நகர்ந்தது. ஆவியில் மங்கிய மூக்குக்கண்ணாடியோடு அவர் தனியே குனிந்து அளந்துகொண்டிருந்தார். வரிசையில் நின்ற நான் அவர் அருகில் சென்று கேட்டேன்: “எவ்வளவு காட்டுது, மாஸ்டர்?”