ஆயுத பூஜையில் வளைந்த நாதஸ்வரம்

விஜயநகர், மைசூர்
22-10-99

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு, தம்பி பராசரன் இருந்த இடத்திலிருந்தே தண்டம் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஜயம்மாவும் கம்ப்யூட்டரும் பெருமாள் கிருபையால் சௌக்கியம். அத்திம்பேரின் இசைத்தட்டு மட்டும் சௌக்கியமில்லை.

விஷயத்துக்கு வர தைரியமில்லை, ஆனாலும் வருகிறேன். உன் பெண் சைத்ரா கல்யாணத்தில் ஊஞ்சலுக்கு அந்த நாதஸ்வரத் தட்டைத்தான் போட வேண்டும் என்று அத்திம்பேர் கண்மூடும்வரை சொன்னார், மேல்கோட்டையில் உன் பிளேயர் ஊமையாகிவிட்டது, தம்பி கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறான், சி.டி.யில் ஏற்றித் தருவான் என்று நம்பி அனுப்பினாய். என் பிளேயரின் ஒயரைக் கம்ப்யூட்டர் முதுகில் சொருகினால் நாதஸ்வரம் கொசு மாதிரி கேட்டது. கம்ப்யூட்டர் கடை வினய் வந்து, "நடுவுல ஆம்ப்ளிஃபயர் இல்லாம ஆகோல்ல சார்" என்றான், அதாவது நடக்காதாம். ஆம்ப்ளிஃபயர் வந்து சேர்வதற்குள் ஆயுத பூஜையும் வந்துவிட்டது. மிக்ஸி, ஸ்கூட்டர், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த ஜயம்மா கம்ப்யூட்டருக்கும் வைத்தாள், சரி. தட்டை உறையிலிருந்து எடுத்து அதற்கும் வைத்தாள். "நடுக் காகிதத்துல மட்டும் வைடி!" என்று நான் கத்துவதற்குள் சந்தனம் கோடுகளுக்குள் போய்விட்டது. "சரஸ்வதியைத் தரையிலே வெப்பாளா யாராவது?" என்று தட்டை மானிட்டர் தலையில் கிடத்திப் பூச்சூட்டி, "இன்னிக்குப் போய் இது தூங்கலாமா, ன்னா?" என்று கம்ப்யூட்டரையும் போட்டுவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை ஆகாமல் தொடக்கூடாதே! அந்தப் பெட்டியின் தலை எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். விஜயதசமி காலையில் தட்டு அப்பளமாக வளைந்திருந்தது.

சந்தனத்தைத் துடைத்து, முள் தாவாமல் இருக்க அதன் தலையில் ஒரு நாலணாவை ஒட்டிப் பதிவு செய்தேன், வினய் கடையில் சி.டி.யும் போட்டாயிற்று. நாதஸ்வரம் ஏறுகிறது, வழுக்குகிறது, சுருதியைத் தேடிக்கொண்டு எங்கேயோ போகிறது. ஜயம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கும் வெட்கமாக இருக்கிறது, அக்கா. அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். இதைப் போட்டால் சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள், ஆகையால் அனுப்பவில்லை. நல்ல மேளக்காரராகப் பார்த்துப் பேசிவிடு. என்னைத் திட்டு, ஜயம்மாவைத் திட்டாதே.

சைத்ராவுக்கு எங்கள் ஆசீர்வாதம். செல்வப்பிள்ளை சந்நிதியில் எங்களுக்காகவும் ஒரு தடவை சேவித்துக்கொள்.

தலை நிமிராத தம்பி,
பராசரன்

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் இல்லை என்று வைத்துக்கொள். கவரை ஒட்டும்போது பெங்களூரிலிருந்து சைத்ரா போன் செய்தாள். "என்னதான் ஆச்சு, போடுங்கோ மாமா" என்று பிடிவாதம். ரிசீவரை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். முடிந்ததும் ரிசீவரை எடுத்தேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "மாமா, அப்பா கூடவே பாடுவாரே, அப்படியே இருக்கு" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா, தெரியவில்லை. அத்திம்பேருக்குச் சுருதி நின்றதே இல்லை என்பது ஊருக்கே தெரியும். மறுபடி போட்டுக் கேட்டேன். அவரேதான், அக்கா. மேளக்காரரிடம் பேசாதே; சி.டி.யை இத்துடன் வைத்திருக்கிறேன். சம்பந்தி வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும், அவர் பாட்டுக்கு நாம் சிரிக்காததா?