ஐநூற்றுப் பதினாலு கொக்கி

காஞ்சிபுரத்தில் சாமியோடு கோபித்துக்கொண்டு கரண்டை மாற்றக் கிளம்பிய ஒரே மனிதர் எங்கள் தெரு 'கையெழுத்து'தான். இன்னொருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு பேரை இந்த ஊர் தாங்காது.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி ரேஷன் கடைக்காரர்கூடக் கூப்பிட்டதில்லை. பட்டுப்புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை குத்திக் கொடுப்பது அவர் தொழில். அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ அதன்படி பெட்டியின் கொக்கிகள் இழையைத் தூக்கும், புடவையில் மயில் விழும். டிசைன் போட்டுப் பழகிய அந்தக் கை கையெழுத்திலும் சும்மா இருக்கவில்லை. முதல் எழுத்தில் ஒரு கொடி கிளம்பி, நடுவில் இரண்டு மொட்டு விட்டு, கடைசியில் ஓர் அன்னம் திரும்பிப் பார்க்கும். போட்டு முடிக்க ஒன்றரை நிமிடம். கூரியர்க்காரர் வண்டியை ஆஃப் செய்துவிட்டுத்தான் அவர் கதவைத் தட்டுவார்.

இப்படிப்பட்டவரிடம் போய் ஜாமீன் கையெழுத்துக் கேட்டால் என்ன ஆகும்? நான் பைக் லோனுக்குக் கேட்டபோது அவர் முகம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

"கடன் வாங்கறவனுக்குக் கூட இந்தக் குடுப்பினை இல்லபா. ஜாமீன்னா மூணு எடத்துல போடணும்!"

தவணை எவ்வளவு, எத்தனை வருஷம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனா மூடியைக் கழற்றிவிட்டார். எங்கள் தெருவில் ஃபிரிட்ஜ் வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது, ஒரு வீட்டுக்கு மாடியே வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று அன்னங்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தன.

இனி சாமி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் சாமிகளுக்குப் பஞ்சமில்லை, எல்லாச் சாமிக்கும் ஊர்வலம் உண்டு. தேர் உயரம், கம்பி தாழ்வு. ஆகவே சாமி வந்தால் கரண்ட் போகும். அது எல்லோருடைய நன்மைக்கும்தான். ஆனால் 'கையெழுத்து' வீட்டில் அட்டை குத்தும் மெஷின் பாதி மயிலில் நிற்கும். ஒருமுறை கரண்ட் திரும்பி வந்ததும் மெஷின் நாலு வரிசையைத் தாண்டிப் போய்க் குத்திவிட்டது. அதைக் கவனிக்காமல் தறியில் ஏற்றிவிட்டார்கள். புடவை முழுக்கத் தலையில்லாத மயில்கள் வரிசையாக நடந்தன.

"மயிலுக்குத் தலை எங்கய்யா?" என்று குதித்தார் தறி முதலாளி.

"தேர் பாக்கப் போயிருக்குது மொதலாளி."

அன்றோடு அந்த முதலாளி வேலை கொடுப்பதை நிறுத்தினார். அடுத்த வாரமே 'கையெழுத்து' தெருவைக் கூட்டி அறிவித்தார்.

"இந்த லைன் கரண்டே வேணாம்பா. மொட்டமாடியில சோலார் போடப்போறன், பேட்டரியோட. பெருமாள் வந்தா கரண்ட் போவுது. சூரியநாராயணரும் பெருமாள்தானே? நேரா அவராண்டயே வாங்கிக்கறன். நடுவுல எதுக்குக் கம்பி?"

சூரியன் இலவசம்தான், தகடு இலவசமில்லை. லோன் கேட்டு பேங்குக்குப் போனார். எனக்கு லோன் கொடுத்த அதே பேங்க். சாயங்காலம் கையில் மைசூர்பாகு பொட்டலத்தோடு திரும்பினார். வீட்டுக்கு வீடு நின்று ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்தார்.

"இன்னா விசேஷம்ணா?"

"கிரெடிட் ஸ்கோராம்பா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாங்க. நம்ம தெருவுலயே பெரிய பெட்டி எவ்ளோ? எரநூத்தி நாப்பது கொக்கி. எனக்கு இன்னா வந்துது தெரியுமா? ஐநூத்திப் பதினாலு! ஆபீசர் அப்படியே வாயடைச்சுப் போயி என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாரு."

கொக்கி ஏற ஏற டிசைன் நுணுக்கமாகும், மதிப்பும் ஏறும். வாழ்நாள் முழுக்க அந்தக் கணக்கிலேயே புழங்கிய மனிதருக்கு, ஐநூற்றுப் பதினாலு என்பது, எழுநூறுக்கு மேல் கேட்கும் பேங்கில் வாசற்படி உயரம்கூட இல்லை என்று யார் சொல்வது? எனக்குத் தெரியும். தெருவில் இன்னும் நாலு பேருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அவர் ஜாமீன் போட்ட கடனைக் கட்டாமல் விட்டவர்கள் அவர்கள்தான். எல்லோருமாக மைசூர்பாகைத் தின்றோம். வாயில் இனிப்பு இருக்கும்போது பேச முடியாது என்பது நல்ல வசதி.

பத்தாம் நாள் பேங்கிலிருந்து கடிதம் வந்தது. துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஆபீசர் சின்ன வயது, மரியாதையான பிள்ளை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க ஜாமீன் போட்ட நாலு லோன் அப்படியே நிக்குது சார். இப்போதைக்கு உங்க கையெழுத்துக்கு வேல்யூ இல்ல. நல்ல ஸ்கோர் இருக்கிற யாராவது உங்களுக்கு ஜாமீன் போட்டா பாக்கலாம்."

'கையெழுத்து' சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் கூரியர்க்காரர் வழக்கம்போல வண்டியை ஆஃப் செய்துவிட்டு நின்றார். நம்மவர் கட்டைவிரலை நீட்டினார்.

"மை இருந்தா வெச்சிடுபா. கையெழுத்துலாம் போடறதில்ல."

தெருவே ஆடிப்போய்விட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் இரண்டு பேர் பையில் லோன் ஃபாரம் இருந்தது. ஒரு வாரமாகியும் மெஷின் சத்தம் கேட்கவில்லை. நான் வீடு வீடாகப் போய் அவருக்கு ஜாமீன் கேட்டேன். ஷேர் ஆட்டோக்காரர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

"உசுரயே குடுப்பன். ஆனா அவுரு ஸ்கோரு மோசமாச்சேபா!"

அந்த ஸ்கோரைக் குடித்ததில் இவருடைய ஆட்டோவுக்கும் பங்கு உண்டு. எனக்கு வந்த கோபத்தில், நானே போடுகிறேன் என்று நம்மவரை இழுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். நான் அந்த நாலு பேரில் ஒருவனில்லை. தவணை தவறாதவன். அந்தப் பெருமையோடு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"உங்க ஸ்கோர் சூப்பர் சார். எழுநூத்தி எண்பதுக்கு மேல" என்றார் ஆபீசர். நான் நம்மவரைப் பார்த்துச் சிரித்தேன். ஆபீசர் தொடர்ந்தார். "கொரோனா சமயத்து மூணு மாசத் தவணைகூட லேட் ஆகாம வந்திருக்கு. அந்த மூணு மட்டும் இவர் அக்கவுண்ட்லேர்ந்து."

அந்த மூன்று மாதத்தையும் பேங்கே தள்ளுபடி செய்துவிட்டது என்று நான் இத்தனை நாளும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏண்ணா சொல்லல?"

"உனக்கு அப்ப வேல இல்ல. சொன்னா மட்டும் வந்துடுமா?" என்றார் அவர், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஃபாரத்தை இழுத்து மூன்று இடத்தில் போட்டேன். எட்டிப் பார்த்தவரின் முகம் சுருங்கியது.

"இன்னாபா இது, பட்டுப்பூச்சி ஊந்துக்கினு போன மாதிரி? இத வெச்சுக்கினா எழுநூறு வாங்கின?"

அவருக்குத் தாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனா வந்தது. தன் பெயருக்கு நேரே கொடி ஓட்டினார், மொட்டு விட்டார். ஒன்றரை நிமிடம் ஆபீசர் காத்திருந்தார், பின்னால் வரிசையும் காத்திருந்தது. கடைசியில் அன்னம் திரும்பி என் பூச்சியைப் பார்த்தது.

இப்போது தேர் வரும் நாளில் தெரு முழுக்க ஃபேன் நிற்கிறது, அவர் வீட்டில் மட்டும் மெஷின் தடதடக்கிறது. மாதம் பிறந்து தவணை கட்டியதும் ஒரு துண்டு அட்டையில் ஒரு துளை குத்தி, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதில்மேல் அதை நீட்டிக் காட்டுவார்.

"இந்த மாசமும் கட்டியாச்சு. பயப்படாதபா."

நான் ஒரு மாதம்கூடப் பயந்ததில்லை. அது தெரிந்தால் அட்டையைக் காட்ட வராமல் போய்விடுவாரோ என்று, முதல் தேதியானால் மட்டும் முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொண்டு மதிலோரம் போய் நிற்கிறேன்.