நூற்றிருபது அடித் திரையும் டெல்மர் பிடித்த பந்தும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உருப்படியாக ஒன்றைக் கண்டுபிடித்தது என்றால், அது ஒஹையோ மாநிலத்தில் எங்கள் வாக்கர்டன் ஊர் பேஸ்பால் மைதானத்தில் நிற்கிற நூற்றிருபது அடி அகலத் திரைதான். தற்பெருமை இல்லை. அதில் என்ன காட்டுவது என்று முடிவு செய்யும் ‘உள்ளடக்கக் குழு’வின் செயலாளர் நான், பட்டனை அமுக்குகிறவனும் நானே. ஆகவே பணிவோடுதான் சொல்கிறேன்.

திரை வருவதற்கு முன்பு எங்கள் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாவம், மூன்று மணி நேரம் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

குழுவின் முதல் கூட்டத்துக்கு அணியின் முதலாளி கார்டன் ஸ்டக்கி தலைமை தாங்கினார். ஊரிலுள்ள மூன்று டயர் கடைகளும் அவருடையவை. ‘அனுபவ இயக்குநர்’ என்ற பதவியில் பிரியானா கெஸ்லர் என்ற இளம்பெண். ரசிகர் பிரதிநிதி ஆர்டித் வோல்கர்: தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள், ஆட்டத்துக்கு வந்தால் ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் ஸ்கோர் அட்டையில் குறித்துக்கொள்கிறவர்.

“ஆட்டம் நடக்கும்போது திரையில என்ன காட்டலாம்?” என்று கேட்டார் ஸ்டக்கி.

“ஆட்டத்தக் காட்டலாம்,” என்றார் ஆர்டித்.

இதை நடவடிக்கைக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை.

“அதான் கீழ நடக்குதேம்மா! அத வேற எதுக்கு மேல தூக்கிக் காட்டணும்?” என்றார் ஸ்டக்கி.

“யாரு அடிக்கிறாங்க, எத்தன அவுட்டு, இப்ப நடந்தது இன்னொரு வாட்டி. இவ்வளவுதாங்க கேக்குறேன்.”

பிரியானா கனிவோடு சிரித்தாள். “ஆர்டித், நீங்க கேக்குறது ‘தகவல்’. சனங்களுக்கு வேணுங்கறது ‘உணர்வு’. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவுல பதினஞ்சு செகண்டு சும்மா கெடக்கு பாருங்க, அது செத்த நேரம்.”

“அப்பத்தானே பந்து எறியற பிட்ச்சர் யோசிக்கிறான்!”

“அவன் யோசிக்கட்டும். நம்ம ஆளுங்க எதுக்கு யோசிக்கணும்?”

தீர்மானம் நிறைவேறியது. ஸ்கோர், திரையின் இடது கீழ் மூலையில், கண்ணாடி போட்டால் தெரியும் அளவில் இடம்பெறும். மீதி இடமெல்லாம் மக்களுக்கு: சாஸேஜ் வேஷம் போட்டவர்களின் ஓட்டப்பந்தயம், வழுக்கைத் தலைப் போட்டி, ஆடும் குழந்தைகள். இவற்றுக்கெல்லாம் ராஜா, முத்தக் கேமரா. இதய வடிவச் சட்டத்துக்குள் எந்த ஜோடி அகப்பட்டாலும் முத்தம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஒன்பதாயிரம் பேரும் ஊளையிடுவார்கள். ஜனநாயகம் என்பது வேறென்ன?

சர்ச்சைக்குரிய ஆட்டத்தை மறுபடி காட்டுவதில்லை என்றும் முடிவானது. அம்பயர் மனசு புண்படும் அல்லவா. ஒரே மாதத்தில் ஜனங்கள் தேறிவிட்டார்கள். கீழே பார்க்காவிட்டால் என்ன, திரும்பக் காட்டுவார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். அவர்கள் கீழே பார்த்துக்கொள்வார்கள் என்று நாங்கள் நம்பினோம். பரஸ்பர நம்பிக்கையால்தான் உலகம் ஓடுகிறது.

இனி டெல்மர் ப்ரூசாக்குக்கு வருகிறேன். இடது மூலையில் நின்று பந்து பிடிப்பவன். வயது முப்பத்து மூன்று. பதினோரு வருஷமாக இந்தச் சின்ன லீக்கிலேயே கிடந்து, குளிர்காலத்தில் பனி அள்ளும் வண்டி ஓட்டிப் பிழைத்தான். அந்த ஆகஸ்ட் மாதம், பெரிய லீக் அணி ஒன்று அவனைப் பார்க்க மெர்ல் டவுட்டி என்ற தேர்வாளரை அனுப்பியிருந்தது. பிடித்திருந்தால் மேலே போவான். இல்லாவிட்டால் சீசன் முடிந்ததும் பனி வண்டிதான், நிரந்தரமாக.

ஆட்டத்துக்கு முன்னால் டெல்மர், திரையை இயக்கும் என் அறைக்கு ஏறி வந்தான்.

“வெர்ன் அண்ணே, டவுட்டி வந்திருக்காரு. நான் ஆடுறத ஒரே ஒரு தடவ அவரு ஒழுங்கா பாத்தாப் போதும். இன்னைக்கு மட்டும் இந்தக் கூத்தையெல்லாம் கொஞ்சம் அடக்கி வாசிங்களேன்.”

“கவலப்படாத தம்பி, உன்ன பிரமாதமாக் காட்டுறேன்!” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவன் போட்டோவைச் சுற்றி நெருப்பு எரிகிற மாதிரி ஒரு படம் தயாராகவே வைத்திருந்தேன்.

கடைசிச் சுற்று. நாங்கள் மூன்று, அவர்கள் இரண்டு. இன்னும் ஒரே ஒரு அவுட் விழுந்தால் வெற்றி. அவர்கள் ஆள் ஒருவன் ஓடக் காத்து நின்றான். பிட்ச்சர் யோசித்தான். செத்த நேரம்.

“முத்தம் போடுங்க வெர்ன், சனங்க வாடிப் போறாங்க!” என்றாள் பிரியானா. போட்டேன்.

இதயச் சட்டத்துக்குள் யார் வந்தார்கள் என்கிறீர்கள்? எங்கள் அறைக்கு நேர் கீழே, அடிக்கிறவனுக்குப் பின்னாலிருக்கும் வரிசையில் உட்கார்ந்திருந்த மெர்ல் டவுட்டி. பக்கத்து நாற்காலியில் ஆர்டித். இருவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. அரங்கம் குலுங்கிற்று. “முத்தம்! முத்தம்!” டவுட்டி சிவந்துபோய் இரண்டு கையையும் ஆட்டினார். ஆர்டித் நிமிர்ந்துகூடத் திரையைப் பார்க்கவில்லை. அட, இந்த அம்மாவுக்கு என்ன கொழுப்பு என்று ஒன்பதாயிரம் பேரும் ஊளையிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மட்டையில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது.

நான் திரும்பியபோது இடது மூலையில் டெல்மர் இல்லை. பிறகு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை எழுந்தது. கையில் உறை, உறையில் பந்து. பின்னாலேயே மூக்கில் ரத்தம் வழிய டெல்மர் ஏறி வந்தான், சிரித்துக்கொண்டே. பந்தை வேலிக்கு மேலே எம்பிப் பிடித்துவிட்டு அந்தப் பக்கம் விழுந்தானா? அப்படியானால் அவுட், வெற்றி. அல்லது வெளியே விழுந்த பந்தைப் பொறுக்கி வந்தானா? அப்படியானால் ஹோம் ரன், அடித்தவனும் காத்து நின்றவனும் சேர்ந்து அவர்களுக்கு இரண்டு ஓட்டம்.

அம்பயர் விழித்தார். அவரும் முத்தத்துக்காகக் காத்திருந்தவர்தான். ‘ஹோம் ரன்’ என்று விரலைச் சுழற்றினார்.

“யோவ், பிடிச்சேன்யா! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று டெல்மர் கத்தினான். ஒன்பதாயிரம் தலையும் ஒரே நேரத்தில் திரையை நோக்கித் திரும்பின. திரும்பக் காட்டுவார்களே!

முதல் முறையாக, விதியை மீறியாவது காட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

“ஆறு கேமராவும் முத்தத்துலதான் இருந்திச்சு,” என்றாள் பிரியானா.

“ஏழாவது?”

“பதினாலாம் வரிசையில ஒரு நாய் தொப்பி போட்டிருந்திச்சு.” குரல் இறங்கியது. “ரொம்ப அழகா இருந்திச்சு, வெர்ன்.”

நாயைக் காட்டினேன். கைதட்டினார்கள்.

கீழே ஆர்டித் டவுட்டியின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “பாத்தீங்கல்ல? அரை ஆள் ஒசரம் எம்பினான்! நீங்கதானே பாக்க வந்தீங்க?”

“நான் எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு கையக் காட்டிட்டு இருந்தேம்மா.”

“இந்தா, என் அட்டையில குறிச்சிருக்கேன். பாருங்க!”

“அது உங்க கண்ணுல பட்டது. என் கண்ணுல பட்டதத்தான் நான் எழுத முடியும்.” நல்ல மனிதர். பொய் எழுத மாட்டார்.

மிச்சமிருந்த எங்கள் முறையில் ஒன்றும் எடுக்காமல், நான்குக்கு மூன்று என்று தோற்றோம். அடுத்த மாதம் டெல்மரை அணியிலிருந்து நீக்கினார்கள். அதே மாதம் ‘ஆண்டின் சிறந்த ரசிகர் அனுபவம்’ என்று லீக் எங்களுக்கு விருது கொடுத்தது.

போகிற அன்று டெல்மர் மறுபடி என் அறைக்கு வந்தான். “என் பொண்ணுக்குக் காட்டணும் அண்ணே. அன்னைக்கி எடுத்ததப் போடுங்க, ஓரத்துலயாவது எங்கயாச்சும் நான் விழுந்திருப்பேன்.”

போட்டேன். ஆறு கோணம், எதிலும் அவன் இல்லை. ஒன்பதாயிரம் பேரும் அண்ணாந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு முகம் மட்டும் இடது மூலையைப் பார்த்தது. ஆர்டித்துடையது. முதலில் பென்சில் நின்றது. பிறகு கண் விரிந்தது. பிறகு வாய் திறந்தது. அப்புறம் சின்னப்பிள்ளை மாதிரி அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார்.

“இது போதும், இத மட்டும் குடுங்க,” என்றான் டெல்மர். பிறகு விரலால் படத்தில் ஆர்டித்தின் தலைக்கு மேலே தொட்டான். “இங்க, கண்ணாடிக்குப் பின்னாடி, மைதானத்துக்கு முதுகக் காட்டிட்டு நிக்கிறது யாரு?”

எங்கள் அறையில் மைதானத்தைப் பார்த்தபடி சுவர் அகலத்துக்கு ஒரு ஜன்னல் கண்ணாடி உண்டு. அரங்கத்திலேயே நல்ல இடம் அதுதான். இடது மூலை கையில் எடுக்கிற மாதிரித் தெரியும். அன்று அதற்கு முதுகைக் காட்டி, பட்டன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கண்ணாடி வீணாகக் கிடப்பது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அதை முழுவதும் மறைத்து ஸ்டக்கி டயர் விளம்பரம் ஒட்டுவதென்று தீர்மானிக்கப்பட்டது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஆர்டித். முன்மொழிந்தவன் நான்.