உறைந்த பேஸ்ட்ரியை உயிர்ப்பித்த வரலாறு

என் அக்கா வயிற்றில் பிறந்தும் எனக்குக் காலனாக வாய்த்த அருமை மருமகளுக்கு,

உடம்பில் உயிரும் சட்டையில் புகை நாற்றமும் இன்னும் மிச்சமிருக்கும் நிலையில் உன் தாய்மாமன் வரையும் மடல். நீயும், உன் வேலையும், உன் மேலதிகாரியின் கோபமும் குறைவின்றி வாழ வேண்டுகிறேன். என் சௌக்கியத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. இனி வரும் பக்கங்களில் அது எங்காவது கிடந்தால் நீயே பொறுக்கி எடுத்துக்கொள்.

போன முறை வந்தபோது நீ என் ஃப்ரீசரில் ஓர் அட்டைப்பெட்டியைத் திணித்துவிட்டுப் போனாயே, நினைவிருக்கிறதா? கடையில் வாங்கிய உறைந்த சாக்லேட் பேஸ்ட்ரி. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீ அருளிய உபதேசத்தை நான் மறக்கவில்லை. "மாமா, இதுல ஒண்ணுமே இல்ல. முந்தின நாளே எடுத்து வெளிய வெச்சிடு. காலைல அதுவா எழுந்திருக்கும். ஓவன்ல தள்ளு. அவ்ளோதான்." அவ்வளவுதான். நிலவுக்கு ராக்கெட் விட்டவர்களும் முதல் நாள் இப்படித்தான் பேசியிருப்பார்கள். ஐம்பத்தெட்டு வயதாகியும் நானே அதுவாக எழுந்திருப்பதில்லை. கடிகாரம் கத்த வேண்டும், பால்காரர் மணியடிக்க வேண்டும், மூட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சம்மதம் தர வேண்டும். பனிக்கட்டிக்குள் கிடக்கும் ஒரு மாவுத்துண்டு என்னைவிடச் சுறுசுறுப்பாக எழுந்து நிற்கும் என்று நம்பியது உன் தவறில்லை. நீ படித்த பெண்.

அந்தப் பெட்டி பாட்டுக்கு அங்கேயே கிடந்திருக்கும். விதி உன் அம்மாவின் உருவத்தில் வந்தது. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தவள், வந்ததும் வராததுமாக என் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே பாதி எலுமிச்சம்பழமும் டார்ச் லைட்டுக்கான பேட்டரிகளும் இருந்தன. பேட்டரி குளிர்ச்சியில் நெடுநாள் உழைக்கும் என்று எங்கோ படித்தேன், வைத்தேன், அதில் என்ன குற்றம்? ஆனால் உன் அம்மா அந்த எலுமிச்சம்பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டில் எது அதிகம் காய்ந்திருக்கிறது என்று ஒப்பிடுகிற பார்வை. அன்றிலிருந்து தினமும் போன். "தனியா இருந்தா நீ செத்துடுவடா. பேசாம எங்க வீட்டுக்கு வந்துடு. பின்னறை சும்மாதான கெடக்கு." அந்தப் பின்னறையை நீ அறிவாய். ஒரு பக்கம் துணி துவைக்கும் மெஷின், மறு பக்கம் உன் அப்பா உடம்பு குறைக்க வாங்கி இப்போது ஈரத்துணி காயப்போடும் சைக்கிள். நடுவில் நான். டிவி ரிமோட் உன் அம்மா கையில். விளக்கு அணைக்கும் நேரம், பல் விளக்கும் நேரம், இருமும் நேரம் எல்லாம் அவள் உத்தரவுப்படி. பெரிய சாம்ராஜ்யங்களின் மன்னர்கள்கூட இதைவிடக் கௌரவமான சிறையில் இருந்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு நாள் "என்னடா சாப்ட்ட?" என்று அவள் கேட்டபோது, என் நாக்கு என்னைக் கேட்காமலே, "சாக்லேட் பேஸ்ட்ரிக்கா" என்றது. கடையில் வாங்கினாயா என்றாள். "கடையா? நானே மாவு பிசைஞ்சு, நானே மடிச்சு, நானே சுட்டேன்" என்று அதே நாக்கு மேற்கொண்டு பேசிவிட்டது. அந்தப் பக்கம் காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஞாயித்துக்கிழமை உங்க அத்தானோட வரேன். சுட்டு வை. நெஜமாவே நீ செஞ்சிருந்தா பின்னறைப் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லன்னா அன்னிக்கே துணிமணிய எடுத்துட்டு எங்களோட கெளம்பற." போன் வைக்கப்பட்டது. என் சுதந்திரம் உன் அட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியைப் பிரித்தேன். மேலே இருந்த படத்துக்கும் உள்ளே இருந்த பொருளுக்கும், கல்யாண ஆல்பத்துக்கும் அடையாள அட்டைக்கும் உள்ள தூரம். படத்தில் பொன்னிறத்தில் உப்பிச் சிரிக்கிறது. உள்ளே துணி சோப்பு மாதிரி விறைத்துக் கிடக்கிறது. மேஜையில் தட்டினேன், மேஜை வலியில் முனகியது. துண்டுகளுக்கு நடுவே நிறைய இடம் விடவும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தான். நான் கூட்டம் பிதுங்கும் பேருந்துகளில் வேலைக்குப் போய் வந்தவன். எனக்கு இடைவெளி என்றால் ஏமாந்தவன் விட்ட இடம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் தோளோடு தோள் நெருக்கி அடுக்கி, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, நல்ல பிள்ளைகளாக எழுந்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் வந்து பார்த்தால், நீ சொன்னது சத்தியம், எழுந்துதான் இருந்தன. ஆனால் தனித்தனியாக இல்லை. இரவோடு இரவாகக் கூட்டணி அமைத்து, ஒரே தலையணையாக ஊதி, துண்டைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றன. தட்டின் விளிம்பைத் தாண்டி மேஜைவரை வந்துவிட்டது. இன்னும் அரை மணி நேரம் தூங்கியிருந்தால் என் படுக்கையில் எனக்குப் பக்கத்தில் வந்து படுத்திருக்கும்.

கத்தியை எடுத்துப் பாகப்பிரிவினை செய்தேன். சிலதுக்கு இரண்டு சாக்லேட், சிலதுக்கு ஒன்றுமில்லை, எந்தக் குடும்பத்தில்தான் சரியாகப் பிரிந்திருக்கிறது? மேலே பால் தடவ வேண்டுமாம். அதற்கென்று பிரஷ் என் வீட்டில் ஏது? ஷேவிங் பிரஷ்ஷால் தடவினேன். புத்தம் புதியது. இதை நீ நம்பித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் உன் அம்மாவும் அப்பாவும் சாப்பிட்டுவிட்டார்கள். இதற்கு முன்பே, ஓவனைச் சூடாக்க வேண்டுமே என்று அதன் குமிழைத் திருகிவிட்டிருந்தேன். அதில் இருந்த எண்களெல்லாம் யாரோ துடைத்துத் துடைத்து எப்போதோ அழிந்துவிட்டன. எனவே போகிறவரை திருகினேன். பால் தடவிக்கொண்டிருக்கும்போதே ஒரு மணம் எழுந்தது. ஆஹா, பேக்கரி வைத்தால்கூடப் பிழைத்துக்கொள்வேன் போலிருக்கிறதே என்று கண்ணை மூடி அதை முழுசாக உள்ளே இழுத்தேன். கண்ணைத் திறந்தபோது பேஸ்ட்ரி எல்லாம் இன்னும் மேஜைமேல்தான் இருந்தது.

மருமகளே, நம் ஜனங்களின் வீட்டில் ஓவன் என்பது என்ன? கதவு வைத்த அலமாரி. உன் அம்மா வீட்டில் அதற்குள் என்ன இருக்கிறது என்று போய்ப் பார். என்னுடையதில் வாணலி, பாத்திரத்தை இழந்து விதவையாகிப்போன மூடிகள், என்றைக்காவது உதவும் என்று சேர்த்த பிளாஸ்டிக் பைகள், கரண்டி வகையறா, எல்லாம் அமைதியாகக் குடியிருந்தன. அவற்றைக் காலி செய்யச் சொல்லி உன் உபதேசத்தில் ஒரு வார்த்தை இருந்ததா? இல்லை. கதவைத் திறந்ததும் வந்த புகையில் எனக்கு என் கையே தெரியவில்லை. மூன்று தெரு தள்ளி ஒரு நாய் இருமியது என் காதில் விழுந்தது. எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் ஓடி வந்து கதவைத் தட்டினார்.

"சார், உள்ள எதாவது எரியுதா?"

"இல்லைங்க. பேக்கிங்."

"எதை?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் விடை தெரியாத கேள்விக்கு நான் பள்ளிக்கூடத்திலேயே பதில் சொன்னதில்லை. அவர் வாசலில் நின்றபடியே ஜன்னலைத் திறக்கச் சொன்னார், சுவிட்சை அணைக்கச் சொன்னார், என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தப்பாகப் போட்ட கணக்கின் மேல் கோடு இழுப்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் கதவு சாத்தப்படுவதற்கும் லிஃப்ட் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. உன் அம்மா. சொன்ன நேரத்துக்கு முன்பாகவே. திருடன் வீட்டுக்குப் போலீஸ் சொன்ன நேரத்துக்கா வரும்?

நேராக அடுப்படிக்குத்தான் வந்தாள். புகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஓவனுக்குள் கம்பித் தட்டிலிருந்து நீலமாக ஒன்று உருகி, காயப்போட்ட கைக்குட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்ததே, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது என் டப்பா."

"எந்த டப்பாக்கா?"

"எந்த டப்பான்னு கேக்கறான் பாரு. அந்த டப்பா."

உனக்குத் தெரியும், எந்த டப்பா என்று. ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் மூன்று டப்பா செட்டில் நடு டப்பா. எப்போதோ எனக்குக் கேக் கொடுத்தனுப்பினாள். அன்றிலிருந்து, நடுப்பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைத்த தாய் மாதிரி, பார்க்கும் போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நானும் பார்க்கும் போதெல்லாம் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். கொடுத்ததாகத்தான் ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தை நானே நம்புவதில்லை, அவள் ஏன் நம்ப வேண்டும்? இப்போது சடலமே கையில் கிடைத்துவிட்டது. "பெட்டி எங்க வெச்சிருக்க? ரெண்டு செட் துணி போதும், மிச்சத்த அப்புறம் எடுத்துக்கலாம்" என்றாள். துணி மெஷின் என் காதருகே சுற்றத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் உன் அப்பா வாய் திறந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் அவள் எதிரில் தானாக வாய் திறந்ததை நான் பார்த்ததில்லை.

"அந்த டப்பாவ இங்க கொண்டுவந்து வெச்சது நான்தான்."

"நீங்களா? எப்போ?"

"நடக்கப் போனப்போ."

"நடக்கப் போறவருக்கு டப்பா எதுக்கு?"

பாவம், பொய்யின் இரண்டாம் படியை அவர் யோசித்து வைக்கவில்லை. கொஞ்சம் விழித்துவிட்டு, "பிஸ்கட் போட்டுக்க" என்றார். அவருக்குச் சர்க்கரை இருப்பதும், வீட்டில் இனிப்பு என்கிற சொல்லுக்கே தடை இருப்பதும், அவர் தினமும் நடக்கப்போகும் பாதை என் வீட்டு பிஸ்கட் டின்னில் முடிவதும் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. உன் அம்மா மொத்தமாக அவர் பக்கம் திரும்பினாள். அடுத்து நடந்ததை எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தைத் தொட மாட்டார். அந்த இடி மின்னலுக்கு நடுவிலும் மனிதர் மேஜைமேல் கிடந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டு, அதைச் சத்தமில்லாமல் மடித்துத் தன் பைக்குள் செருகிக்கொண்டார். அவள் மூச்சு வாங்க ஜன்னல் பக்கம் திரும்பிய இடைவெளியில் என் காதில் சொன்னார்: "மாப்ள, நீ அங்க வந்துட்டா நான் எங்கய்யா போவேன்?" தியாகிகள் வேறு எங்கோ பிறப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

திட்டித் தீர்த்த பிறகு அவள் கண் மேஜைக்குப் போனது. பொருளை வீணாக்கப் பொறுக்காதவள் அல்லவா? குக்கரை எடுத்தாள். வெயிட்டைக் கழற்றினாள், மூடியின் ரப்பர் வளையத்தைப் பிடுங்கினாள், அடியில் என் வீட்டு உப்பு முழுவதையும் கொட்டிச் சூடாக்கி, மேலே தட்டை வைத்து, ஈடு ஈடாகச் சுட்டு இறக்கினாள். உன் ஓவனும் அட்டைப்பெட்டியும் அதில் அச்சடித்த படமும் அந்தக் குக்கரின் காலில் விழ வேண்டும். மேலே வெளுத்து, அடியில் கறுத்து, பக்கவாட்டில் கத்திக் காயத்தோடு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் வெளியே வந்தது. ஒன்று காலணி மாதிரி. ஒன்று உன் சித்தப்பா மாதிரி. அக்கா ஒன்றைப் பிய்த்தாள். உள்ளே ஏடு ஏடாகப் பிரிந்து, நடுவிலிருந்து சாக்லேட் வழிந்தது.

"இத்தன மடிப்பும் நீயா மடிச்ச?"

"துணி மடிக்கறவனுக்கு மாவு மடிக்கத் தெரியாதாக்கா?"

"உன் துணியத்தான் நானும் பாத்திருக்கேனே" என்றவள், இன்னொரு வாய் தின்றுவிட்டு, அந்தக் காலணியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தீர்ப்பு வந்தது. "நீ செஞ்சதுதான்டா. கடையில வாங்கினதா இருந்தா இவ்ளோ கோணலாவா இருக்கும்?"

இதுதான் மருமகளே, நான் வென்ற கதை. உன் உபதேசப்படி நடந்து அழகாகச் சுட்டிருந்தால் அன்றே பின்னறைக்குப் போயிருப்பேன். பின்பற்றாததால் பிழைத்தேன். "சரி, கொஞ்ச நாள் இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். உன் அப்பா லிஃப்டில் ஏறும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே போனார். அவர் உதட்டு ஓரத்தில் சாக்லேட் இருந்தது. நான் சொல்லவில்லை.

ஆகையால் இனி இந்த விலாசத்துக்கு உறைந்ததோ உருகியதோ எதையும் அனுப்பாதே. நான் சுதந்திர மனிதன். எனக்கு என் பாதி எலுமிச்சம்பழம் போதும். உனக்கு நல்ல புத்தியும், நல்ல சம்பள உயர்வும், உன்னைப்போலவே உனக்கு உபதேசம் செய்யும் ஒரு மருமகளும் வாய்க்கட்டும் என்று மனமார ஆசீர்வதிக்கும்,

உன் அன்பு மாமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அம்மாவிடமிருந்து போன். அவளுடைய நடு டப்பா அவள் வீட்டு ஓவனுக்குள்ளேயே, வாணலிக்குப் பின்னால் இருந்ததாம். நான் செய்த சத்தியம் அத்தனையும் உண்மை என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. ஆனால் செய்யாத குற்றத்தை அத்தான் ஏன் ஒப்புக்கொண்டார் என்று விசாரணை நடந்து, மனிதர் அரை நிமிடம்கூடத் தாங்காமல் பிஸ்கட் முதல் அட்டைப்பெட்டி வரை எல்லாவற்றையும் கக்கிவிட்டார். பின்னறையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்களாம். நான் உறுதியாக மறுக்கத்தான் இருந்தேன். ஆனால் எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் இப்போது வாசலில் நின்று, போன மாதம் எனக்கு சூப் கொடுத்தனுப்பிய தன் நீல டப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் பின்னறை அவ்வளவு மோசமில்லை. பேஸ்ட்ரி இரண்டு பெட்டியாக அந்த விலாசத்துக்கே அனுப்பிவிடு.